மேல்முறையீடு: 14 நாட்களும் ஒரு முகவரியும்

நீதிமன்றத்தில் தீர்ப்புக் கூறப்படும் நாள், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பெருங் கலக்கத்தைத் தரும் நாளாகும். கணவனோ மகனோ சிறை வண்டியில் ஏறிச் செல்வதைக் கண்ட குடும்பத்தார், வீடு திரும்பி, அழுது ஆறி, உற்றார் உறவினரிடம் யோசனை கேட்டு, பணம் திரட்டி, வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் புறப்படுவதற்குள் இரண்டு மூன்று வாரங்கள் கடந்துவிடுவதுண்டு. "மேல் கோர்ட்டுக்குப் போவோம்" என்று அவர்கள் முடிவு செய்யும் வேளையில், சட்டம் வகுத்துள்ள காலம் முடிந்து போயிருக்கும்.

வழக்கில் தம் பக்கம் நியாயம் இல்லாமையால் தோற்பது ஒன்று. நியாயம் இருந்தும், நாள் தவறியதால் அதனை எடுத்துரைக்கும் வாய்ப்பையே இழப்பது மற்றொன்று. இரண்டாவது இழப்பைப் பெரும்பாலும் நாமே தவிர்த்துக்கொள்ள இயலும். அதற்குப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை. எந்த நாளுக்குள், எவரிடம், எதனைக் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தால் போதும். அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேல்முறையீடு என்றால் என்ன?

கீழ் நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலோ தண்டனையிலோ பிழை உள்ளது என்று கருதுபவர், அதனை ஆராய்ந்து திருத்துமாறு உயர்ந்த நீதிமன்றத்தை வேண்டுவதே மேல்முறையீடு ஆகும். மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ செஷன்ஸ் நீதிமன்றமோ அளித்த குற்றத் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் 1994ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டரசு நீதிமன்றமும் உள்ளன. முற்காலத்தில் நம் நாட்டுக் குற்ற வழக்குகள் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றன. அந்த வழக்கம் 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுற்றது.

தோட்டப்புறத்தினர் சந்திக்கும் வழக்குகளில் மிகப் பல மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களிலேயே விசாரிக்கப்படுகின்றன. ஆகவே, அங்கிருந்து உயர் நீதிமன்றத்திற்குச் செல்லும் முறையையே இங்குச் சிறப்பாகக் காண்போம். அம்முறை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளது.

ஒன்றை முதலிலேயே நினைவிற் கொள்ள வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், "நான் குற்றமே செய்யவில்லை" என்று பின்னர் மேல்முறையீடு செய்ய இயலாது. தண்டனையின் அளவைப் பற்றியோ, அது சட்டத்திற்கு உட்பட்டதா என்பதைப் பற்றியோ மட்டுமே அவர் மேல்முறையீடு செய்யலாம் என்று அச்சட்டத்தின் 305ஆம் பிரிவு கூறுகிறது. "ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று பிறர் சொல்வதைக் கேட்டுத் தலையசைப்பவர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

முதற் கெடு

தீர்ப்போ, தண்டனையோ, கட்டளையோ அளிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். இதுவே முதற் கெடு. அறிவிக்கை என்பது நீண்ட கடிதம் அன்று. "இன்ன நாளில், இன்ன வழக்கில் அளிக்கப்பட்ட தீர்ப்பின் மீது நான் மேல்முறையீடு செய்ய விரும்புகிறேன்" என்று தெரிவிக்கும் சிறு தாளே அது. உயர் நீதிமன்றத்திற்கு என்று முகவரியிட்டு, மூன்று படிகள் எடுத்து, வழக்கு விசாரிக்கப்பட்ட அதே நீதிமன்றத்தின் பதிவகத்தில் அதனைக் கொடுக்க வேண்டும். அதற்குரிய கட்டணத்தையும் அப்போதே செலுத்த வேண்டும்.

இதில் மூன்று தவறான எண்ணங்கள் மக்களிடையே உள்ளன.

முதலாவது, "தீர்ப்பை எழுத்தில் தந்த பிறகுதான் நாள் தொடங்கும்" என்பது. இது தவறு. நீதிபதி வாயால் தீர்ப்புக் கூறியவுடனேயே காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது. எழுத்து வடிவத் தீர்ப்புக்காகக் காத்திருப்பவர் முதற் கெடுவை இழப்பார்.

இரண்டாவது, "காரணங்களை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் அறிவிக்கை கொடுக்க வேண்டும்" என்பது. இதுவும் தவறு. காரணங்களை எழுதுவதற்குப் பின்னர் தனியே காலம் உண்டு. முதல் 14 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் எண்ணத்தைத் தெரிவித்தல் போதும்.

மூன்றாவது, தோட்டத்து ஆபீசிலோ, கிராணியாரிடமோ, சங்கப் பொறுப்பாளரிடமோ, காவல் நிலையத்திலோ தாளைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்பது. அவர்கள் நல்லெண்ணத்தோடு உதவக் கூடும். ஆயினும் அவர்கள் கையில் இருக்கும் தாள் நீதிமன்றத்திற்கு வந்த தாள் ஆகாது. பதிவகத்தில் சேர்ந்தால்தான் அது மேல்முறையீட்டு அறிவிக்கை. கொடுத்தவர் பதிவகத்தின் முத்திரையும் நாளும் இடப்பட்ட படி ஒன்றைக் கேட்டுப் பெற்றுப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

நாட்களை எண்ணுவது எப்படி?

தீர்ப்புக் கூறப்பட்ட நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுநாளே முதல் நாள். எடுத்துக்காட்டாக, மார்ச் மாதம் 3ஆம் நாள் தீர்ப்பளிக்கப்பட்டால், 4ஆம் நாள் ஒன்று எனத் தொடங்கி, 17ஆம் நாள் பதினான்காகும். அன்றே கடைசி நாள். இடையில் வரும் வார விடுமுறைகளும் பொது விடுமுறைகளும் கழிக்கப்படுவதில்லை. அவையும் 14இல் அடங்கும். ஆனால் கடைசி நாளே வார விடுமுறையாகவோ பொது விடுமுறையாகவோ அமைந்துவிட்டால், அதற்கு அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம். இவ்வாறு எண்ணும் முறை, பொருள் விளக்கச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் உள்ளது. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதை அங்குள்ளோர் கருத்திற் கொள்ள வேண்டும்.

எனினும், கடைசி நாள் வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. தோட்டத்திலிருந்து நகரிலுள்ள நீதிமன்றத்திற்குச் செல்லப் பேருந்து கிடைக்காமற் போகலாம். மழை பெய்து பாலம் மூழ்கலாம். ஒரு நாள் விடுப்புக் கிடைக்காமற் போகலாம். பால்மரம் வெட்டுவோர்க்கு இதனைச் சொல்ல வேண்டுவதில்லை. விடியற்காலையில் வெட்டப்படும் மரம் நன்றாகப் பால் தரும்; வெயில் ஏறிய பின் வெட்டினால் உழைப்பு அதுவேயாயினும் பால் குறையும். மேல்முறையீட்டிலும் முதல் வாரம் விடியற்காலை போன்றது.

சிறையிலிருப்பவர் என்ன செய்வார்?

"அவரோ சிறையில் இருக்கிறார், எப்படிப் பதிவகத்திற்குப் போவார்?" என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்குச் சட்டமே வழி வகுத்துள்ளது. 307ஆம் பிரிவின்படி, சிறையிலிருப்பவர் தம் மேல்முறையீட்டு விருப்பத்தை உரிய காலத்திற்குள் சிறைப் பொறுப்பதிகாரியிடம் தெரிவித்தாலே போதுமானது. அதனை எழுத்து மூலமாகவோ, வாய்மொழியாகவோ தெரிவிக்கலாம். அவ்வதிகாரி அதனை உடனே உரிய நீதிமன்றத்திற்கு அனுப்பி வைக்க வேண்டும். பின்னர்க் கொடுக்க வேண்டிய மேல்முறையீட்டு மனுவின் விவரங்களையும் அதே வகையில் காலத்திற்குள் தெரிவிக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், மலாய் மொழி நன்கு வராதவருக்கும் இவ்விதி பெருந் துணையாகும். வழக்கறிஞர் இல்லை, தாள் இல்லை, பணம் இல்லை என்று சோர்ந்திருப்பவர், "நான் அப்பீல் செய்கிறேன்" என்று பொறுப்பதிகாரியிடம் 14 நாட்களுக்குள் சொல்லிவிட்டால் முதற் கெடு காக்கப்படுகிறது. சொன்ன நாளையும், எவரிடம் சொன்னார் என்பதையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யப்பட்டதா என்று பணிவுடன் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

குடும்பத்தார் முதன்முறை சிறைக்குச் சென்று காணும்போது நலம் விசாரித்தபின் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: "அப்பீலைப் பற்றி அதிகாரியிடம் சொல்லிவிட்டீர்களா?" சொல்லவில்லை என்றால், அன்றே சொல்லுமாறு தூண்ட வேண்டும். வழக்கறிஞர் கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுதல் கூடாது.

இரண்டாவது கெடுவும் முகவரியும்

அறிவிக்கை கொடுத்தவுடன் கடமை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணி விடுகின்றனர். உண்மையில் அங்கேதான் இரண்டாவது கெடுவுக்கான வழி தொடங்குகிறது.

அறிவிக்கை வந்த பின், வழக்கை விசாரித்த நீதிமன்றம் தன் தீர்ப்புக்கான காரணங்களை எழுதிக் கையொப்பமிட்டு, அதன் படியை மேல்முறையீடு செய்தவருக்கோ அவர்தம் வழக்கறிஞருக்கோ சேர்ப்பிக்கும். அது சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மனுவை, மீண்டும் மூன்று படிகளில், அதே நீதிமன்றத்தின் பதிவகத்தில் கொடுக்க வேண்டும். இதுவே இரண்டாவது கெடு. இக்கெடுவுக்குள் மனு வராவிட்டால், மேல்முறையீடு மீட்டுக்கொள்ளப்பட்டதாகவே சட்டம் கருதும். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், அது மீண்டும் நிறைவேற்றப்படும்.

அப்படியாயின், தீர்ப்புக்கான காரணங்கள் எங்கே அனுப்பப்படும்? அறிவிக்கையில் நாம் எழுதிக் கொடுத்த முகவரிக்கே அனுப்பப்படும். அம்முகவரியில் விட்டுச் செல்லலாம், அல்லது அம்முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம் என்பது சட்டம். தோட்டப்புற மக்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுவாகும்.

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மேல்முறையீடு முடியும் வரை அவருக்குப் பிணை கிடைத்திருக்கிறது. அறிவிக்கையில் தம் தோட்டத்தின் பெயரையும் லயத்து வீட்டு எண்ணையும் முகவரியாகக் கொடுத்திருக்கிறார். சில மாதங்களில் அத்தோட்டத்தை விட்டு விலகி, பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்கிறார். நீதிமன்றத்தின் பதிவுக் கடிதம் பழைய தோட்டத்திற்கு வருகிறது. ஆபீசில் சில நாட்கள் கிடக்கிறது. அல்லது பக்கத்து வீட்டார் வாங்கிப் பெட்டியின் மேல் வைத்துவிடுகின்றனர். 14 நாட்கள் ஓடி விடுகின்றன. மனு கொடுக்கப்படவில்லை. தம் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று நம்பி அவர் வேலைக்குப் போய் வருகிறார். சட்டத்தின் பார்வையிலோ அது எப்போதோ முடிந்து போய்விட்டது. தண்டனையை அனுபவிக்க அவரை அழைத்துச் செல்ல வரும்போதுதான் உண்மை விளங்குகிறது.

இவ்வாறு நேராதிருக்க மூன்று செயல்கள் போதும். கடிதம் தவறாமல் கிடைக்கக்கூடிய முகவரியையே அறிவிக்கையில் எழுதுங்கள். ஐயமிருந்தால், நிலையாக ஒரே வீட்டில் வாழும் உறவினர் ஒருவரின் முகவரியை அவர் இசைவோடு கொடுங்கள். முகவரி மாறினால், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நீதிமன்றப் பதிவகத்திற்கு எழுத்து மூலம் உடனே தெரிவியுங்கள். வழக்கறிஞர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை பதிவகத்தில் கேட்டு, தீர்ப்புக்கான காரணங்கள் வந்துவிட்டனவா என்று அறிந்துகொள்ளுங்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

மேல்முறையீட்டு மனுவில் தீர்ப்பின் சாரத்தைச் சுருக்கமாகக் கூறி, கீழ் நீதிமன்றம் எந்தெந்தச் சட்டக் கருத்திலும் எந்தெந்த உண்மை நிகழ்விலும் தவறியது என்பதைத் திட்டவட்டமாகக் குறிப்பிட வேண்டும். "தீர்ப்பு நியாயமில்லை" என்று பொதுவாக எழுதுவது பயன் தராது. "சம்பவ இடத்தில் வெளிச்சம் இல்லை என்று சாட்சியே ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் கருதவில்லை" என்பது போலக் குறிப்பாக எழுத வேண்டும். மனுவில் இல்லாத காரணத்தை விசாரணையின்போது எழுப்ப வேண்டுமானால் நீதிபதியின் அனுமதி தேவை. ஆகவே, மனுவை வழக்கறிஞர் துணையோடு தயாரிப்பதே நன்று.

மேல்முறையீடு செய்துவிட்டதனால் தண்டனை தானாக நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டா. பிரம்படித் தண்டனை மட்டுமே மேல்முறையீடு முடியும் வரை கட்டாயமாக நிறுத்தி வைக்கப்படும். மற்றத் தண்டனைகளை நிறுத்தி வைக்குமாறு நீதிமன்றத்திடம் தனியே வேண்ட வேண்டும் என்று 311ஆம் பிரிவு கூறுகிறது. மேலும், தண்டனையைக் குறைக்க மட்டுமன்றிக் கூட்டவும் உயர் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. அரசுத் தரப்பும் இதே போன்று மேல்முறையீடு செய்யலாம். இவற்றையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

காலம் தவறிவிட்டால்?

காலம் தவறிவிட்டது என்பதால் கதவு முற்றாக அடைக்கப்பட்டுவிடுவதில்லை. சட்டம் குறித்த ஏதேனும் ஒரு முறையையோ தேவையையோ நிறைவேற்றாததனால் மேல்முறையீட்டு உரிமையை இழந்தவர், உயர் நீதிமன்ற நீதிபதியிடம் சிறப்பு அனுமதி கேட்கலாம். மெய்யான நீதி நிலைபெறும் பொருட்டு, நீதிபதி தக்க நிபந்தனைகளோடு மேல்முறையீட்டை அனுமதிக்கலாம் என்று 310ஆம் பிரிவு கூறுகிறது. இதற்கு விண்ணப்பமும், நடந்ததை உண்மையாக எடுத்துரைக்கும் சத்தியப் பிரமாணப் பத்திரமும் தேவை. உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே செல்லும் வழக்குகளுக்கும் அறிவிக்கைக் காலம் 14 நாட்களே. அங்கும் காலத்தை நீட்டும் அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு உண்டு.

ஆனால் இவ்வனுமதி நமக்குரிய உரிமை அன்று. நீதிபதி ஆராய்ந்து வழங்கும் சலுகையாகும். எத்தனை நாள் தாமதம், தாமதத்திற்குக் காரணம் என்ன, மேல்முறையீட்டில் வெற்றி பெறத்தக்க கருத்து உண்டா என்பனவற்றை அவர் நோக்குவார். மெய்யான நீதி என்பது தண்டனை பெற்றவருக்கு மட்டும் உரியதன்று. பாதிக்கப்பட்டவருக்கும் பொதுமக்களுக்கும் உரியது. வழக்கு ஒரு நாள் முடிவுக்கு வர வேண்டும் என்பதும் நீதியின் ஒரு பகுதியே.

1964ஆம் ஆண்டில், மலாயாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற ஒரு சிவில் வழக்கில் இக்கருத்துத் தெளிவாக்கப்பட்டது. மேல்முறையீட்டுப் பதிவேடு சில நாட்களே தாமதமாக வந்திருந்தது. எனினும், நீதிமன்ற விதிகள் பின்பற்றப்பட வேண்டியவை என்றும், காலத்தை நீட்ட வேண்டுமானால் அதற்கு ஆதாரமான காரணத்தை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்றும், இன்றேல் கால வரையறைக்கே பொருளில்லாது போகும் என்றும் கூறி, சலுகை மறுக்கப்பட்டது. அத்தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களில் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது.

ஆகவே, காலம் தவறியவர் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, அறிந்த அன்றே செயற்படுவது. மேலும் ஒவ்வொரு நாளும் அவர் வழக்கை மெலிவிக்கும். மற்றொன்று, காரணத்திற்குச் சான்று தேடுவது. மருத்துவமனையில் இருந்திருந்தால் அதற்குரிய சான்றிதழ், கடிதம் தவறான இடத்திற்குச் சென்றிருந்தால் அதன் உறை, சிறை அதிகாரியிடம் சொல்லியிருந்தால் சொன்ன நாள் ஆகியவை உதவும். இல்லாத காரணத்தைப் புனைந்து சத்தியப் பிரமாணத்தில் எழுதுவது மற்றொரு குற்றமாக முடியும். வழக்கறிஞரின் கவனக்குறைவால் காலம் தவறியிருந்தாலும், அது எப்போதும் மன்னிக்கப்படும் என்று நம்பியிருத்தல் கூடாது.

உதவி எங்கே கிடைக்கும்?

வசதி குறைந்தோருக்கு உதவ வழிகள் உண்டு. 2011ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு மறு ஆண்டு முதல் செயற்படும் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், வருமானத் தகுதியுடைய குடிமக்களுக்குக் குற்ற வழக்குகளில் வழக்கறிஞர் உதவியை அளிக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் மாநிலந்தோறும் உள்ளன. சட்ட உதவி இலாகாவின் கிளைகளில் ஆலோசனை கேட்கலாம். 1954ஆம் ஆண்டில் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள், எங்குச் செல்வது என்று தம் சங்கக் கிளையில் கேட்டறியலாம். "நான் பார்த்துக்கொள்கிறேன், பணத்தைக் கொடு" என்று நீதிமன்ற வாயிலில் அணுகும் தரகர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

தீர்ப்பு நாளன்று மொழி விளங்காவிட்டால் வெட்கப்பட வேண்டா. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். என்ன தண்டனை, எந்த நாள், வழக்கு எண் என்ன, அப்பீலுக்குக் கடைசி நாள் எது என்னும் நான்கையும் அவரிடம் கேட்டு, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருந்தால், அக்கடைசி நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் வட்டமிடச் சொல்லுங்கள்.

சுருங்கக் கூறின்: தீர்ப்பிலிருந்து 14 நாட்களுக்குள் அறிவிக்கை, காரணங்கள் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் மனு, சிறையிலிருந்தால் பொறுப்பதிகாரியிடம் சொல்லுதல், முகவரி மாறினால் அறிவித்தல், தவறினால் அன்றே சிறப்பு அனுமதி கேட்டல். இவ்வைந்தையும் படித்தவர் படிக்காதவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பிரட்டுக் களத்திலோ, கோயில் திடலிலோ, பால் நிறுக்கும் கொட்டகையிலோ நின்று பேசும் சில நிமிடங்கள், ஒரு குடும்பத்திற்கு அதன் தலைவரை மீட்டுத் தரக்கூடும்.